மடியிலிருந்து இறக்கிய பிள்ளை

இங்கே மெல்பேர்னில், எங்கள் வீட்டுக் குளியலறைக் கம்பியில் பொய்முடிகள் காயும். முகம் கழுவப் போனால் மூன்று பெண்கள் முதுகைக் காட்டி நிற்பது போலிருக்கும். வந்த புதிதில் கதவைத் திறந்துவிட்டு, கூச்சப்பட்டுப் பின்வாங்கியிருக்கிறேன். அவை என் மகன் ரவியினுடையவை. அவன் சேலையுடுத்தி, கொண்டை வைத்து, மேடையில் ஒரு தாயாக வந்து நடிக்கிறவன். இங்கே அதற்கு டிராக் என்று பெயர். அந்தத் தாய் நான்தான். மீன் கழுவிய கையைச் சேலையில் துடைப்பதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் என்னுடையவை. ரவி நான் பெற்ற பிள்ளையல்ல. தங்கை பிள்ளைப்பேற்றில் இறந்த பிறகு, கல்யாணம் கட்டாமலே நான் வளர்த்தவன். அதை இலங்கையில் எங்கள் ஊரான உடப்பில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

ரவியும் அவனுடைய துணைவன் டேனியலும் மாயா என்ற பெண்பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கிறார்கள். நாட்டில் சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, அவளுக்குக் காது குத்த ஊருக்குப் போனோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாயாவுக்குத் தாய்மாமன் ஏது? முன்பு ரவிக்கு மடி கொடுத்த என் தம்பியே இவளுக்கும் கொடுக்கச் சம்மதித்தான். தம்பி ஊர் அம்மன் கோயில் கூத்தில் பல வருடம் திரௌபதை வேடம் கட்டியவன். கூந்தலை விரித்துக்கொண்டு அவன் வந்தால் பெண்கள் எழுந்து கும்பிடுவார்கள்.

ஆசாரி இடது காதைக் குத்தினார். மாயா வீரிட்டாள். "தாய்க்காரி வந்து வாயில சீனி போடுங்கோ" என்றார் ஆசாரி, எல்லாப் பிள்ளைக்கும் சொல்வதைப் போல. சீனிக் கிண்ணத்துடன் ரவி முன்னால் வந்தான்.

"இந்தா, தாய்க்கு மீசை முளைச்சிருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். சபையே சிரித்தது. தம்பி பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழும்பினான்.

"இருடா, மற்றக் காது கிடக்கு" என்றேன்.

"ஊர் சிரிக்குது அக்கா."

"நீ சேலை கட்டி வந்தா ஊர் கும்பிட்டதே?"

"அது அம்மாள்ட காரியம். இவன் ஆடுறது சாராயக் கடையில."

"பிள்ளைக்குச் சீனி போட என்ன வேஷம்டா வேணும்?"

தம்பி செருப்பைத் தேடிக்கொண்டு போனான். மாமன் மடியில்லாமல் மற்றக் காதைக் குத்த ஆசாரி மறுத்துவிட்டார். சபையில் எனக்குக் குரல் எழும்பாது. அன்று எழும்பியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களே, பெறாத என்னைத் தாய் என்றீர்கள். காய்ச்சலில் கிடக்கும் மாயாவுக்குக் கஞ்சி பருக்குகிற ரவியை என்னவென்று சொல்வீர்கள்?

மற்றக் காதை இங்கே ஒரு நகைக் கடையில், டேனியலின் மடியில் வைத்துக் குத்தினோம். குத்துமுன் கடைப் பெண் ஒற்றைத் தோட்டைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். ஒரு பக்கம் மட்டும் போடுவது எங்கள் நாட்டு அழகா என்று கேட்கிறாளாம். "ஓம் எண்டு சொல்லு" என்றேன் ரவியிடம். வேறென்னத்தை விளக்குவது? அருமையான வழக்கம் என்று அவள் பாராட்டினாள்.

இரண்டு துளையும் மட்டமாக அமையவில்லை. உடப்பில் குத்தியது சற்று மேலே, இங்கே குத்தியது சற்றுக் கீழே. பள்ளிக்கூடம் போகுமுன் மாயாவுக்குத் தோடு போட்டுவிட்டு, எட்டி நின்று பார்க்கிறேன். அவள் தலையைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.