நான் கழுவிய சுவர்

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் வயித்தால போகுது?"

போன செவ்வாய்க்கிழமை குடல் கிளினிக்கில் டொக்டர் கேட்ட கேள்வி இது. வயிறு என் தம்பி நளீமுடையது. கேட்டதோ என்னிடம்.

"பதினொரு தரம். ஏழு தரம் ரத்தம்" என்றான் நளீம்.

டொக்டர் அவனைப் பார்க்கவில்லை. "இவர் சொல்றது சரியா?" என்று மறுபடியும் என்னையே கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? முப்பத்தெட்டு வயது ஆம்பிளை கக்கூசுக்குப் போவதை நான் கதவடியில் நின்றா எண்ணுகிறேன்?

நளீமைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் அவனுக்கு ராத்தா, மூத்த அக்கா. இருபது வயதில் அவனுக்கு மனநோய் வந்தது. காதுக்குள் குரல் கேட்கும் வருத்தம். குளிசை எடுக்கிறான், உப்பளத்தில் வேலை செய்கிறான். மூன்று வருடத்துக்கு முன் பெருங்குடலில் புண் என்றார்கள். அதுவும் முழுதாக மாறாது, அடக்கி வைக்கத்தான் முடியும். இரண்டு வருத்தம், இரண்டு கிளினிக், இரண்டு கொப்பி. ஒரு கிளினிக்கில் மற்றக் கொப்பியைத் திறந்ததை நான் கண்டதில்லை.

மனநோய்க் கிளினிக்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள் - "வயிறு போகுதா?" அந்தக் குளிசை மலத்தை இறுக்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. நான் என்ன சொன்னேன்? "நல்லாப் போகுது டொக்டர்." அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. ரத்தமாகப் போவது எனக்குத் தெரியாது.

இரண்டு மாதமாக அவன் வேலைக்குப் போகவில்லை. உப்பளம் வெட்டவெளி, ஒதுங்க ஒரு பற்றை கிடையாது. நான் சோம்பல் என்று ஏசினேன். தொழுவதையும் விட்டான். தொழ முன் கைகால் கழுவி ஒளு எடுத்து முடிப்பதற்குள் வயிறு போய் அது முறிந்துவிடுமாம்... அதையும் மனநோய்க் கணக்கில் போட்டேன்.

பிறகு, அந்தச் சுவர்.

கக்கூஸ் சுவர் முழுக்கக் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தான். சிரட்டைக் கரியால் கறுப்புக் கோடு. ஓட்டுத் துண்டால் சிவப்புக் கோடு.

இறந்துபோன வாப்பாவின் பேரில் கத்தம் ஓதிய அன்று வீடு நிறையச் சனம். பக்கத்து வீட்டு மாமி அந்தப் பக்கம் போய்விட்டு வந்து எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார். "என்ன புள்ள, உன்ட தம்பி ஜின்னுக்குக் கடிதம் எழுதுறானோ?"

என் முகம் எரிந்தது. இனித் தில்லையடி ஊர் முழுக்க இதே கதைதான். சவுக்காரத் தூளையும் பிரஷையும் எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் சுவர் பளிச்சென்று ஆனது.

"ராத்தா, அழிக்காதீங்க" என்றான் நளீம். ஒரே ஒரு தரம்தான் சொன்னான். "வாயப் பொத்திக்கிட்டுப் போ" என்றேன். போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் அவன் அதைத்தான் சொன்னான். "போன தடவை இருந்த டொக்டர்தான் எண்ணி வெக்கச் சொன்னார். ரத்தம் வந்தாத் தனியா எண்ணச் சொன்னார். நான் எண்ணினேன். ராத்தா கழுவிப் போட்டா."

அன்று நான் மருந்து வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு யார் சொன்னது?

டொக்டர் சிரித்தார். பேனாவைத் திறந்தார். "மனநோய்க் கிளினிக்கில ஒருக்காக் காட்டுங்க. கடிதம் தாறன்."

நளீம் எழும்பவில்லை. உதடு வெளிறிப் போயிருந்தது. கதிரையைப் பிடித்த கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறான் என்று நினைத்து வாசலில் நின்ற அட்டெண்டன் ஓரடி முன்னால் வந்தான். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் இழுத்து வெளியே விட்டிருப்பார்கள்.

நான் மேசையில் அடித்தேன். ஓம், அடித்தேன்.

"இவன் பைத்தியம் எண்டே வெச்சுக்கொள்ளுங்க! பைத்தியத்துக்கு ரத்தம் போகாதா? ஊசியக் குத்தி ரத்தத்தச் சோதிச்சுப் பாருங்க. சுவரக் கழுவினது நான்தான். என்ட கண்ணால பாத்தேன், கடைசி ரெண்டு வரிசையிலயும் சிவப்புத்தான் கூட!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் முதல் தடவையாக நளீமின் முகத்தைப் பார்த்தார். கிட்ட வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பேனாவை மூடினார்.

பின்னேரமே வார்டில் போட்டு ரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தா..." என்று தொடங்கிய வார்டு டொக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். குடலை ஆற்றும் மருந்து மனதைக் குழப்பக்கூடுமாம். அதனால் மனநோய் டொக்டருக்குப் போன் எடுத்துக் கதைத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை!

நளீம் இன்னும் வார்டில்தான். மருந்து கேட்குமா, குடலை வெட்ட வேண்டி வருமா... யாருக்கும் தெரியாது.

நேற்றுப் பார்க்கப் போனேன். "கரி கொண்டாந்தீங்களா ராத்தா?" என்றான். கொண்டுதான் போயிருந்தேன், லேஞ்சித் துணியில் சுற்றி. தேவைப்படவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது. அவன் கக்கூசுக்குப் போய் வரும் ஒவ்வொரு தரமும் நர்ஸ் அதில் ஒரு கோடு கீறுகிறார். கறுப்புப் பேனாவால். ரத்தம் என்றால் சிவப்புப் பேனாவால்.

நர்ஸ் கீறினால் அது சார்ட். என் தம்பி கீறினால் ஜின்னுக்குக் கடிதம்!