சலவைக்கடைச் சனிக்கிழமைகள்

மகள் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷின் வீட்டில் ஓடும்போதெல்லாம் பிளம்பருக்குப் பழைய சலவைக்கடை நினைவு வந்துவிடும். அங்கே காசு கட்டி மெஷினில் துணியைப் போட்டால், துவைத்து முடிய முக்கால் மணி நேரம். கொட்டாவி விட்டுக் காத்திருந்தவர்களுக்குக் கடைக்கார அம்மா ஒரு வழக்கம் கொண்டுவந்தார்: சனிக்கிழமைதோறும் ஒருவர், தான் சொதப்பிய கதையைச் சொல்ல வேண்டும். சாதித்த கதை எடுபடாது.

எட்டாம் வகுப்போடு நின்றவர் பிளம்பர். இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. ஒருநாள், அங்கே துணி துவைக்க வரும் கணக்கு டீச்சர் விடவில்லை.

"அண்ணே, இன்னைக்கு நீங்கதான்."

"ஸ்க்ரூடிரைவர் முனையைச் சுவத்துல வெச்சு, பிடியில காதை வெச்சுக் கேட்டா, தண்ணி எங்க கசியுதுன்னு தெரிஞ்சிடும். அப்படித்தான் ஒரு வீட்டுச் சுவரை உடைச்சேன். உள்ள எல்லாம் காஞ்ச செங்கல். நான் கேட்ட சத்தம் பக்கத்து வீட்டு மீன் தொட்டியோடது!"

கடையே சிரித்தது.

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"இப்பல்லாம் சுத்தியலைத் தொடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சும்மா கேப்பேன்."

டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஓடிவந்தார். "அண்ணே, தப்புன்னு நான் அடிச்ச கணக்கை எப்படிப் போட்டேன்னு ஒரு பொண்ணையே சொல்லச் சொல்லி, உங்கள மாதிரி சும்மா கேட்டேன். அவ வேற வழியில சரியாத்தான் போட்டிருக்கா. வருஷம் முழுக்க அவ கணக்கைத் தப்புன்னு அடிச்சுட்டேனே!"

அன்று பிளம்பர் வீட்டுக்குப் போய், டீச்சர் சொன்னதை மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் அவள் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டாள்.