ரிஷபத்தின் கொம்பில் விழுந்த சாவு

பென்னாகரம் போர்டு ஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் மாதையன் போய்விட்டார் என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னபோது நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் கட்டி தட்டிவிடும். அழுதுகொண்டே கிண்டி முடித்தேன். நான்கு வருஷம் அவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள் நான். என் கல்யாணத்தை அவர் கெடுக்கப் பார்த்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

அப்போது யுத்த காலம். மாரண்டஹள்ளியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்க வந்த அன்று பள்ளியில் ஆண்டு விழா. மாப்பிள்ளையை நான் முன்பே ஒரு முறை பார்த்திருந்தேன். கட்டினால் இவரைத்தான் என்று அன்றே முடிவு செய்திருந்தேன். அந்த அம்மாவும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, மேடையில் மாதையன் பேசினார்.

"ரிஷபத்தோட கொம்பு நுனியில ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் செத்துப்போச்சுங்க. செதறுனது இன்னும் பரவிக்கிட்டே இருக்குது. நடுவுல புளியங்கொட்டையாட்டம் ஒண்ணு இறுகி மிஞ்சியிருக்கலாம்னு எழுதியிருக்காங்க. அதுல ஒரு கரண்டி, தொப்பூர் மலைய விடக் கனமாம்."

என் ராசி ரிஷபம். அந்த அம்மா காப்பியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறினார். "எழவு வுழுந்த ராசியில பொண்ணு வேண்டாங்க" என்று மறுநாள் சொல்லியனுப்பினார்.

நான் மாதையனோடு பேச்சை நிறுத்தினேன். அவர் இரண்டு நாள் பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, என் அப்பாவை இழுத்துக்கொண்டு பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் மாரண்டஹள்ளி போனார். அங்கே நடந்ததை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"தப்பு என் மேலங்க. பொண்ணு நல்ல பொண்ணுங்க. நட்சத்திரப் படத்துலதான் அது ரிஷபத்துக் கொம்பு. நம்ம பஞ்சாங்கப்படி மயிரிழை தாண்டி மிதுனத்துல நிக்குது" என்றாராம்.

அப்பாவுக்கு உயிர் வந்தது. அந்த அம்மாவுக்குப் போனது. மாப்பிள்ளைக்கு மிதுன ராசி.

"அது செத்து எத்தன வருஷமாச்சுங்க?" என்று கேட்டாராம் அந்த அம்மா.

"தொள்ளாயிரத்துக்குக் கிட்டங்க."

"அப்ப தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிருக்கும்" என்று தாம்பூலத் தட்டை எடுக்க எழுந்தவர், பாதியில் நின்றார். "நடுவுல ஒரு கொட்டைன்னீங்களே, அது நெசமா இருக்குதுங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா அவர் காலை மிதித்திருக்கிறார்.

"தெரியாதுங்க. இருக்கலாம்னு சொல்றாங்க, யாரும் பாத்ததில்ல."

"பொண்ணு நல்ல பொண்ணுன்னு நீங்க சொன்னதையும் அப்ப நம்பலாம்" என்று அந்த அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாராம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் 'தெரியாதுங்க'தான். சாவுச் செய்தி வந்த அன்று களியை இறக்கி வைத்த பிறகு, அதே அம்மா, இப்போது என் மாமியார், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்ல எடத்துக்குத்தான் போயிருப்பாரு, இல்லம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் நெஞ்சு துடித்தது. "தெரியாதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, அவர் மடியில் விழுந்து அழுதேன்.