பரீதாவின் கணக்குப் பாடமும் எங்கள் உதவித்தொகையும்

பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெரியவர்களுக்குப் புத்தகமும் வகுப்பும் பரீட்சைச் செலவும் கொடுத்துத் திரும்பவும் படிக்க வைப்பது எங்கள் வேலை. கேட்கச் சுலபம்தான், ஆள் பிடிக்க அலைந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்ன அலுவலகம், இரண்டு கதிரை, நான். என்னைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்கள் எங்காவது இருந்தால், கிண்ணியாப் பரீதாவைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

தெரிந்த ஒருவர்

கிண்ணியாவில் எங்கள் கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பெயர் பரீதா, பாலர் பாடசாலையில் உதவிக்கு நிற்கிறாராம். அவருக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் கணிதம் மட்டும் பாஸ் பண்ணிவிட்டால் ஆசிரியையாக எடுப்பார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சேர்ப்பீர்களா? சின்னப் பிள்ளைகளோடு இருத்துவீர்களா? யாரும் சிரிப்பார்களா? நானும் சளைக்காமல் பதில் சொல்லி, சனிக்கிழமை அந்த ஆளைக் கூட்டி வரச் சொன்னேன்.

சனிக்கிழமை பரீதா தனியாக வந்து நின்றார். எங்கே உங்கள் ஆள் என்று கேட்டேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "அவக்கு வர வெக்கமாம் மிஸ். அதான் நான் வந்தனான்."

குசினியில் பீங்கான்கள்

பரீதாவின் பெயரையே பதிந்துகொண்டேன். பரீட்சை நெருங்கியபோது அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்படிக் குசினியில் சாப்பாட்டுப் பீங்கான் தட்டுகள் அடுக்கிக் கிடந்தன. பரீதா படிக்கட்டும் என்று அக்கம்பக்கத்து ஒழுங்கைப் பெண்கள் முறை வைத்துச் சமைத்து அனுப்புகிறார்களாம். நான் நெகிழ்ந்துபோய் ஏதோ சொல்லத் தொடங்கினால், மனுஷி அழாக்குறையாக நிற்கிறார். அக்கம்பக்கத்துப் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. எதையாவது சமைத்து வைத்துத்தான் கொடுக்க வேண்டும். சமைக்கப் போனால் படிக்க ஏலாது. அதனால் இந்த வாரம் வகுப்புக்கு வரமாட்டாராம். உதவித்தொகைக் கணக்கில் இதை நான் எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது?

வாசலில் நின்ற அடுத்த வீட்டு ஜெமீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பீங்கான்களை அள்ளிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து ஒழுங்கை முழுவதும் வாழையிலையில் பொதி கட்டித்தான் சாப்பாடு அனுப்பியது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லையே! ஜெமீலாவிடமே சொன்னேன். அவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "இலையை ஆரும் திருப்பிக் கேக்கிறல்லயே மிஸ்" என்றார்.

ஆறுதல் சொல்லப் போனேன்

பரீட்சை முடிவு வந்தது. பரீதா தவறிவிட்டார். தவறியவருக்கு மறுவருடமும் உதவ வேண்டுமானால் நான் பரிந்துரைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அதைப் பிறகு பார்க்கலாம் என்று, நல்ல ஆறுதல் வார்த்தைகளாகப் பொறுக்கி பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கிண்ணியாப் பாலம் தாண்டுவதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

பரீதாவின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் மேசையில் வினாத்தாளும் திரும்பச் செய்து பார்த்த தாள்களும் விரித்துக் கிடந்தன. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தி, இந்தக் கேள்வியில் இந்த வரியில் பிழை விட்டேன், இதற்கு நேரம் போதவில்லை என்று விரல் வைத்துக் காட்டத் தொடங்கினார். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு நானும் தாளைப் பார்க்கக் குனிந்தேன்.

"பள்ளிக்கூடத்தில பெயிலாகக்குள்ள ஏன் எண்டே விளங்கல்ல மிஸ், என்ட மண்டை அப்பிடித்தான் எண்டு விட்டுட்டன். இந்த முறை எங்க பிழை விட்டனான் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்ச பிழைய ஆராச்சும் அப்பிடியே விடுவாங்களா? நீங்க புத்தகம் தந்தாலும் தராட்டியும் நான் திரும்ப எழுதுவன்."

பரீதா இன்னொரு வருடம் படிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது நான்தான் என்று எங்கள் அலுவலகம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.