அம்மாளுக்கு நேர்ந்த ஹெலிகொப்டர்

கிளிநொச்சிக்குக் கிழக்கே பத்தாம் வாய்க்கால் குடியேற்றத்தில், சிற்றம்பலம் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் ஆட்கள் காதில் போடுவார்கள். பளையிலிருந்து வந்து காணி எடுத்த முதல் வருடமே, தன்னுடைய வயலில் யானை ஒன்று வரம்பு கட்டித் தந்துவிட்டுப் போனதாகக் கதை விட்ட மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் உண்மையாகவே ஓர் அதிசயம் நடந்தது. அங்கேதான் தொல்லை தொடங்கியது.

மனைவி இலட்சுமி அப்போது பளையில் தாய் வீட்டில் நின்றா. குளம் உடைத்த தண்ணீர் வளவுக்குள் வர, சிற்றம்பலம் குசினிக் கூரையில் ஏறி முகட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடியேற்றத்து அம்மனுக்கு நேர்ந்தார்.

"அம்மாளாச்சி, என்னைக் கரை சேர்த்துவிடு. எது வந்து கரை சேர்க்குதோ, அதின்ர உருவத்தை உலோகத்தில வார்ப்பிச்சு உன்ர காலடியில வைப்பன்."

தோணிதான் வரும் என்பது அவருடைய எண்ணம். விரல் நீளத்தில் ஒரு வெள்ளித் தோணி, தட்டாருக்கு அரைநாள் வேலை. வந்ததோ தோணியல்ல. வெள்ள நிவாரணத்துக்கு வந்திருந்த பிறநாட்டுக் கப்பற்படை ஒன்றின் ஹெலிகொப்டர்! தென்னைகளெல்லாம் தலைவிரித்தாட, கயிறு இறங்கியது. வேட்டியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, கோவணத்தோடு சிற்றம்பலம் ஆகாயத்தில் போனார். பெரிய றோட்டு மேட்டில் அவரை இறக்கிவிட்டு அது கடல் பக்கம் பறந்தது.

ஒருவரும் நம்பவில்லை.

"யானை வரம்பு கட்டினது, இப்ப தும்பி தூக்கினதாக்கும்!" என்று எதிர்வளவு அன்னபாக்கியம் வேலிக்கு மேலால் கேட்டா. அவாவுடைய குரல் அடுத்த வாய்க்கால் வரைக்கும் போகும்.

நேர்த்திக்கடனை விடமுடியுமா? தட்டார் செல்வநாயகத்திடம் போனார். ஹெலிகொப்டரைக் கண்ணால் காணாத செல்வநாயகம், சிற்றம்பலம் கையைச் சுழற்றியும் வாயால் இரைந்தும் காட்டியதை வைத்துக்கொண்டு ஒன்றை வார்த்தார். முருங்கைக்காயில் விசிறி பூட்டியதுபோல் வந்தது.

"இதை அம்மாளிட்ட குடுத்தால் அவாவே சிரிப்பா," என்று இலட்சுமி அதை உருக்கக் கொடுத்துவிட்டா.

அடுத்த வருடமும் கழிந்தது. ஒருநாள், முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குக் கருவாடு ஏற்றும் மீராசாகிபு, பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து படலையைத் தட்டினார். பிரித்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் கடும் நீல ஹெலிகொப்டர்! கொண்டையில் மூன்று இலை விசிறி, வாலில் சின்ன விசிறி, வயிற்றில் கப்பற்படையின் வெள்ளை எழுத்து.

"நானா, இதேதான்! இதேதான் என்னைத் தூக்கினது!"

"சீமையில ஈயத்தையும் துத்தநாகத்தையும் உருக்கி அச்சில ஊத்தி வார்த்தது தம்பி. அசலை அளந்து, அந்த அளவுக்குத் தக்கபடி சுருக்கிச் செய்யிறாங்களாம். கொழும்பில ஒரு துரையின்ர பிள்ளை விளையாடிக் கழிச்சதை அவங்கட குசினிக்காரனிட்ட வாங்கினனான். ரெண்டு கட்டுச் சீலாக் கருவாடு. பார், அடியில ஒரு சில்லு கழண்டு போச்சு."

"என்னைத் தூக்கேக்க அது எங்க நானா நிலத்தில நிண்டது? சில்லு எதுக்கு!"

அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் தெரியவில்லை. வயலுக்குப் போனால் மடிக்குள் ஹெலிகொப்டர். சந்திக்குப் போனால் தேத்தண்ணிக்கடை மேசையில் ஹெலிகொப்டர். விசிறியைச் சுண்டிவிட்டுக் கதையைத் தொடங்கினால், நம்பாத ஆட்களும் வாய் பிளந்து கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் அவரை முழுதாக நம்பியது.

வைகாசிப் பொங்கல் கிட்டியது. இலட்சுமி மஞ்சள் துணியோடு வந்து நின்றா.

"தாங்கோ, அம்மாளின்ர சாமானை."

"இல்லையப்பா, வார்ப்பிச்சு வைப்பன் எண்டல்லோ நேர்ந்தனான். இதை வார்ப்பிச்சது வெள்ளைக்காரன்…"

"அம்மாளிட்ட அப்புக்காத்து மாதிரி வழக்குப் பேசாதேங்கோ!"

கொடுத்தார். ஆனால் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நேர்த்திக்கு வந்த பொருட்களைப் பூசை முடிய ஏலம் கூறுவது அந்தக் கோயில் வழக்கம். குடியேற்றத்து ஆட்கள் என்றபடியால் விலை நெல்லில். ஏலத்தில் எடுத்துவிட்டால் நேர்த்தியும் தீரும், ஹெலிகொப்டரும் வீட்டுக்கு வரும்.

பொங்கலன்று, கோயில் மனேச்சர் தில்லைநாதன் கல் ஒன்றின் மேல் ஏறி நின்றார். ஒரு பக்கம் ஆண்கள், நடுவில் ஆளுயரத் தேங்காய்க் குவியல், மறுபக்கம் பெண்கள். பூசணிக்காயும் சேவலும் போய் முடிய, நீல ஹெலிகொப்டர் கைக்கு வந்தது.

"ஒரு மூடை!" சிற்றம்பலம் பாய்ந்தார்.

"ரெண்டு!" பெண்கள் பக்கத்திலிருந்து அன்னபாக்கியத்தின் குரல்.

சிற்றம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தும்பி என்று நக்கலடித்தவளுக்கு இப்போது இது கேட்குதாமோ? "மூண்டு!"

"நாலு!"

"அஞ்சு!"

சனம் ஆரவாரித்தது. மத்தளக்காரர் ஒவ்வொரு மூடைக்கும் ஒரு அடி போட்டார். அந்த இரைச்சலில் குவியலைத் தாண்டித் தனியாகக் கேட்டது அன்னபாக்கியத்தின் குரல் மட்டும்தான். கல்லின் மேல் நின்ற தில்லைநாதனுக்கு இரண்டு பக்கமும் வடிவாகத் தெரிந்தது. அவருக்கு ஏனோ சிரிப்பு அடக்க முடியவில்லை. சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏலத்தைக் கூறினார். ஒன்பதில் சிற்றம்பலத்தின் குரல் உடைந்தது.

"பத்து!" என்றா அன்னபாக்கியம்.

வீட்டுக் கொம்பறையில் கிடக்கும் நெல் அவருக்குக் கண்ணில் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு கையை விரித்தார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். மத்தளம் முழங்கியது. பெண்கள் பக்கம் குரவை எழுந்தது.

கெஞ்சியாவது ஒருமுறை சுண்டிப் பார்க்கவேண்டும் என்று அன்னபாக்கியத்தைத் தேடிப் போனார். அவாவுக்குப் பக்கத்தில், ஹெலிகொப்டரை முந்தானையில் பொத்திக்கொண்டு இலட்சுமி நின்றா.

"எனக்குக் கத்தக் கூச்சம், இவாவைக் கொண்டு கேப்பிச்சனான். இது இல்லாமல் உங்கட முகத்தை எப்பிடிப் பாக்கிறது? எவனோ ஒரு மூதேவி விடாமல் ஏத்திக்கொண்டு நிண்டான், அதுதான் பத்து மூடை…"

"அந்த மூதேவி நான்தானப்பா."

இலட்சுமி பார்த்தா. அவரும் பார்த்தார். ஒரே கொம்பறை, ஒரே நெல்! முதலில் அன்னபாக்கியம்தான் சிரிக்கத் தொடங்கினா. பிறகு சிரிப்பு தேங்காய்க் குவியலைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனது.

"தில்லைநாதண்ணை, தெரிஞ்சுகொண்டே கூறினியள், என்ன?" என்று சிற்றம்பலம் கேட்டார்.

"அம்மாள் சந்நிதியில புருசன் பெண்சாதிக் கதைக்குள்ள நான் வரலாமோ?" என்றார் மனேச்சர். "விழுந்த விலை விழுந்ததுதான். நாளைக்கு வண்டில் வரும்."

வண்டில் வந்தது. பத்து மூடையையும் இலட்சுமி நின்று ஏற்றுவித்தா. "மிச்ச வருசத்துக்குக் குரக்கன் களிதான் சாப்பாடு, சொல்லிப்போட்டன்!" என்று வளவுக்குள் திரும்பிச் சத்தம் போட்டா. குரக்கனாவது சோறாவது! சிற்றம்பலம் ஹெலிகொப்டரைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, வாயால் இரைந்துகொண்டு, கடைசி மூடைக்கு மேலால் ஒரு வட்டம் அடித்து, மாடுகள் மிரள, வண்டிலுக்குப் பின்னால் படலை தாண்டி ஓடினார்.