வலது பாதி டெல்லிக்கு

எழுபத்தேழாம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் என் மீசையின் வலது பாதி போனது. அன்றைய டைரியில் இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். இங்கே சுருக்கமாக.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். புதுவாயல் கூட்டுரோட்டில் வாடகை அறை. பக்கத்து அறையில் அதே தொழிற்சாலையின் ஃபிட்டர். பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துக்காரர். நான் டெல்லி ஆளுங்கட்சிப் பக்கம், அவர் எதிர்ப்பக்கம். இருவருக்கும் அடர்த்தியான மீசை. சவரத்துக்கு ஒரே சலூன். தேர்தல் செய்தி கேட்க ரேடியோ இருந்ததும் அங்கேதான்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் ஃபிட்டர் சலூன் கண்ணாடியைப் பார்த்தபடியே சவால் விட்டார்.

"சார், தோத்தவன் மீசைய எடுத்துடணும். இன்னா சொல்ற?"

"எங்க தோத்தா? தமிழ்நாட்டுலயா, டெல்லியிலயா?"

"அய்ய, பேஜாரு பண்ணாத சார். இங்க எப்டியோ அங்கயும் அப்டித்தான்."

ஸ்டோரில் போல்ட்டையும் நட்டையும் ஒரே இருப்பு அட்டையில் எழுதாதவன் நான். ஒரு தாள் வாங்கி எழுதினேன். ஒன்று: தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் அதிக இடம் பிடிக்கிறதோ, மற்றவன் மீசையின் இடது பாதியை எடுக்க வேண்டும். இரண்டு: டெல்லியில் எந்தப் பக்கம் ஆட்சி அமைக்கிறதோ, மற்றவனுடைய வலது பாதி. தோற்றவன் தானாகவே மழித்துக்கொண்டு 'வெயிலுக்காக எடுத்தேன்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாதல்லவா? அதற்காக மூன்றாவது: புதிய பிரதமர் பதவியேற்கும் வரை, பந்தயத்துக்காக அன்றி யாரும் மீசையில் கத்தி வைக்கக் கூடாது. இருவரும் கையெழுத்திட்டோம். தாள் என் பையில்.

முடிவு வரும் வாரத்தின் புதன்கிழமை திருப்பாச்சூரில் எனக்குப் பெண் பார்க்க அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். அதற்கு முன் இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. மாப்பிள்ளை ரொம்பக் கேள்வி கேட்கிறாராம். ஆனால் எழுதும்போது புதன்கிழமை என் நினைவில் இல்லை. நான்தான் ஜெயிக்கப்போகிறேனே!

திங்கள் காலை ரேடியோவில் தமிழ்நாட்டு முடிவு வந்தது. எங்கள் பக்கம் அள்ளிவிட்டது. ஃபிட்டர் நாற்காலியில் உட்கார, சலூன்காரர் இடது பாதியை எடுத்தார். நான் எல்லாருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள் டெல்லிச் செய்தி வந்தது. அங்கே எங்கள் பக்கம் கவிழ்ந்துவிட்டது.

அரை மீசையோடு ஃபிட்டர் எழுந்து துண்டை உதறினார். "வா சார், ஒக்காரு. சீட்டு காலியா கீது."

வலது பாதி போனதும்தான் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. மிச்சத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். சலூன்காரர் கத்தியை மடக்கினார். "மூணாவது பாயின்ட்டு நீதான சார் எழுதுன?"

புதனன்று அக்கா என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாடா இது, எலி கடிச்சாப்ல?" பந்தயத்தைச் சொன்னேன். "நீ தனியா வந்தா ஏதோ வியாதின்னு நெனப்பாங்க. அந்த ஆளையும் இட்டுக்கினு வா. பந்தயம்னாவது நம்புவாங்க."

மூவரும் பஸ் மாறி மாறித் திருப்பாச்சூர் போனோம். பெண்ணின் அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க கம்பெனில இதான் யூனிஃபார்மா?"

தாளை எடுத்து விளக்கினேன். அவர் முகம் மாறவில்லை. மூன்றாவது இடமும் போயிற்று என்று முடிவு கட்டினேன். அப்போது காபி கொண்டுவந்த பெண், உள்ளே போகாமல் அந்தத் தாளை வாங்கி, மூன்று விதிகளையும் நிதானமாகப் படித்தாள்.

"கையெழுத்து போட்டது ரெண்டு பேருதானே?"

"ஆமாம்."

"ரெண்டு பேரும் ஒத்துக்கினா மூணாவத அடிச்சிடலாமே?"

ஃபிட்டர் என் பக்கம் திரும்பினார். "அடப்பாவி சார்! ரெண்டு நாளா இந்த மூஞ்சோட வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்கோம். உனக்கு இது தோணலியா?"

தோணவில்லை. பேனாவை எடுத்து மூன்றாவது விதியை அடித்தேன். அடித்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம். பெண்ணின் அப்பா தன் சவரப் பெட்டியையே எடுத்துக் கொடுத்தார். கிணற்றடிக்குப் போய் மிச்சத்தை மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தோம்.

பெண் என்னைப் பார்த்தாள். "முன்ன இருந்ததே பரவால்ல" என்றாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "இனிமே எது எழுதுனாலும் என்கிட்ட காட்டிட்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அப்ப சரின்னுதானேம்மா சொல்ற?" என்று அக்கா பாதி எழுந்துவிட்டாள்.

பெண் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "இன்னொரு காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றார் அவள் அப்பா.

மறுநாள் புதிய பிரதமர் பதவியேற்றார். என் டைரியில் அந்தச் செய்தி இரண்டாவதாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் உள்ள வரி: "மீசை இல்லை. பெண் வீட்டில் சம்மதம்."