குருவி வாய் திறந்தது

ராஜபாளையத்தில் நூல் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் பங்குனி அது. காலையில் நானும் என் மனைவியும் அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கம் நடக்கப் போனோம். ஈர மணலில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அவள் மருதமரக் கிளையைக் காட்டினாள்.

"அந்தக் கொண்டைக்குருவி எம்புட்டு அழகாக் கத்துது, கேக்குதா?"

குருவி வாயைத் திறந்து திறந்து மூடியது. தொண்டை துடித்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"கேக்குது," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "பொய் சொல்லாதிய. வீட்டுல நான் கத்திக் கத்திப் பேசுதது எதுக்குன்னு நெனச்சிய?"

அது அவள் சுபாவம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மிஷின் இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைக்கச் சொல்வார்கள். நான் வைக்கமாட்டேன். சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காமல் போனால் ஏச்சு விழும் என்று பயம். நாளெல்லாம் பஞ்சுக்கு நடுவே நின்றவன், காதுக்கென்று ஒரு துணுக்கு எடுத்ததில்லை. அவர் கூப்பிட்டது ஒன்றுகூடத் தவறவில்லை.

திரும்பும் வழியில் அவள் எதுவும் பேசவில்லை. மெதுவாக ஏதாவது பேசினாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.